மாடி வீட்டு ஹவில்தார்

6.4.1990

மாடிக் குடித்தனம் அமிர்தவல்லியின் வீட்டுக்காரர் இன்று காலை வந்து சேர்ந்தார். மிலிட்டரியில் இருக்கிறார் என்று அவள் வாடகைக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் எல்லையில் எங்கோ பனியில் நிற்கிறவர் என்று நினைத்திருந்தேன். கறுப்பு டிரங்குப் பெட்டி, சுருட்டிய படுக்கை. இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறார். பெயர் கலியபெருமாள். ஹவில்தாராம். சர்வீஸ் முடிந்து ஒரேயடியாக வந்துவிட்டாராம்.

மரியாதைக்குக் கீழே என் அச்சகத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தேன். கடைசியாக எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டேன். திருகோணமலை என்றார். அதற்கு முன்னால்? யாழ்ப்பாணம்.

அதற்கப்புறம் என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் பார்க்கவேண்டும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். ப்ரூஃப் எதுவும் இல்லை.

அங்கே நம் தமிழர்களைச் சுட்டுவிட்டு வந்தவன் என் தலைக்கு மேல் குடியிருக்கிறான். ஈழத்தமிழர் ஆதரவுக் குழுவின் நகரச் செயலாளர் சிவக்கொழுந்து வீட்டு மாடியில். இதை வெளியே யாரிடம் சொல்வது.

8.4.1990

வக்கீல் ஞானசம்பந்தத்தைப் பார்த்தேன். குழுவின் தலைவர் அவர். விஷயத்தைச் சொன்னேன். காலி செய்யச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவசரப்படாதே என்றார். கடைசிக் கப்பலில் சென்னையில் வந்து இறங்கிய பட்டாளத்தை வரவேற்கவே மாநில சர்க்காரில் ஒருவரும் போகவில்லை. அப்படியிருக்க இந்த ஆள் சொந்தக் கிராமத்தை விட்டுவிட்டு, கடற்கரைக்குப் பக்கத்து ஊரான திருத்துறைப்பூண்டியில், அதுவும் குழுச் செயலாளர் வீட்டிலேயே வந்து உட்காருகிறான் என்றால் சும்மாவா என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. வக்கீல் வக்கீல்தான்.

வீட்டுக்கு வந்து மனைவி மங்கையிடம் சொன்னேன். "வாடகைக்கு விடப்படும்னு நீங்கதான் போர்டு எழுதித் தொங்கவிட்டீங்க. அதைப் பாத்துத்தான் அமிர்தவல்லி வந்தா. பொண்ணு படிக்கிற ஸ்கூல் கிட்டக்க இருக்கு" என்றாள். அவளுக்கு எதுவுமே நேராகத்தான் தெரியும்.

கவனித்துக்கொண்டிருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

19.4.1990

கவனித்தவரை:

விடிவதற்கு முன் எழுந்து வேதாரண்யம் சாலைப் பக்கம் நடக்கப் போகிறார். அந்தப் பக்கம்தான் கடற்கரை. யாரோடும் பேசுவதில்லை. சின்ன ரேடியோவைக் காதோரம் வைத்துக் கேட்கிறார். இலங்கை வானொலிச் செய்தி என்று மாடிப்படியில் நின்றால் தெரிகிறது. நேற்று அவர் மகள் பூங்கோதை என்னவோ கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்லாமல் "ஓம்" என்றார். நம் ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள். அது அங்கே ஒட்டிக்கொண்டதா, வேண்டுமென்றே பழகிக்கொண்டதா?

வக்கீலிடம் சொன்னேன். நல்லது, தொடர்ந்து பார் என்றார்.

2.5.1990

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். கூப்பிடாமலே மாடிக்காரர் இறங்கி வந்து பிரித்து மாட்டிச் சரி செய்தார். என் வீட்டு மோட்டாரில் அவருக்கு என்ன அக்கறை.

14.6.1990

இலங்கையில் மறுபடி சண்டை மூண்டுவிட்டது. படகுகளில் ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். மண்டபம் அகதி முகாமில் பெரிய கூட்டம் என்கிறார்கள். குழு சார்பில் துணி, அரிசி சேர்க்கிறோம். மங்கை தன் புடவைகளில் நல்லதாக எடுத்துக் கொடுத்தாள். அமிர்தவல்லியும் பூங்கோதையின் பாவாடைகளை மடித்துக் கொண்டுவந்தாள். வாங்குவதா வேண்டாமா என்று யோசித்தேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மங்கை வாங்கி மூட்டையில் வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் நாகப்பட்டினத்தில் முன்னாள் பட்டாளத்தார் சிலர், இலங்கைக்குப் போய்வந்த அமைதிப்படைக்குப் பாராட்டு விழா எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி. கண்டித்து உடனே போஸ்டர் போடவேண்டும் என்றார் வக்கீல். "தமிழரைக் கொன்ற படைக்குத் தமிழ் மண்ணில் மாலையா?" வாசகம் என்னுடையது. பெரிய மரக்கட்டை எழுத்தில் நானே அச்சுக் கோத்தேன். அடித்த தாள்களைக் கொல்லையில் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தோம்.

மாடிப்படிக்கு அந்தக் கொல்லை வழியாகத்தான் போகவேண்டும். சாயங்காலம் மாடிக்காரர் காய்கறிப் பையோடு வந்தார். நின்று ஒரு தாளை முழுவதும் படித்தார். பிறகு ஈர மை தோளில் பட்டுவிடாமல், தாளும் கசங்காமல், குனிந்து ஒவ்வொரு கயிறாகக் கடந்து படியேறிப் போனார்.

சண்டைக்கு வந்திருந்தால் ஆளைப் புரிந்துகொண்டிருப்பேன்.

11.7.1990

அமிர்தவல்லி சமையலறையில் மங்கையிடம் அழுதுகொண்டிருந்தாள். பூங்கோதைக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம். "உங்க அப்பா எத்தனை பேரைச் சுட்டார்" என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று மங்கை ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டிரில் மாஸ்டரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் குழு உறுப்பினர். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

5.8.1990

சலூனில் மாடிக்காரர் வெகுநேரம் காத்திருந்தும் நாற்காலி காலியாகவே இல்லையாம். பேசாமல் எழுந்து போய்விட்டாராம். ஊருக்கு உணர்வு இருக்கிறது.

மங்கைக்கு முட்டிவலி. தைலம் வாங்கவேண்டும்.

18.9.1990

ரைஸ் மில் தர்மலிங்கம் ஆள் அனுப்பியிருந்தார். பில் புத்தகம் அடிக்கத்தான் என்று நினைத்துப் போனேன். வேறு விஷயம். மில்லுக்கு செக்யூரிட்டி ஆள் வேண்டுமாம். கலியபெருமாள் வந்து கேட்டிருக்கிறார். உங்க வீட்டில்தானே குடியிருக்கிறார், ஆள் எப்படி என்று கேட்டார். நெல் வியாபாரிகள், வண்டிக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள்.

எனக்குப் பட்டதைச் சொன்னேன். கையில் ரத்தம் காயாத ஆள், உங்கள் மில் வாசலில் நின்றால் நாளைக்கு உங்களுக்கும் கெட்ட பெயர் என்றேன். தர்மலிங்கம் யோசித்தார். பிறகு பில் புத்தகத்துக்கு ஆர்டர் கொடுத்தார்.

22.9.1990

இன்று அச்சகத்துக்கு வார விடுமுறை. தனியாக உட்கார்ந்து அச்சு எழுத்துகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாடிக்காரர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரட்டுமா என்று கேட்டுவிட்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மில்லுல என்ன சொன்னீங்க ஐயா?"

கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னேன் என்றேன்.

"என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அமைதிப்படை என்று பெயர் வைத்துக்கொண்டு போய் அங்கே என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் குரல் உயரவில்லை.

"நானா போகலீங்க. எண்பத்தேழு ஆகஸ்டுல லீவுல வந்திருந்தேன். உடனே வரச்சொல்லித் தந்தி வந்துச்சு. இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுலதான் பஸ் ஏறினேன். உங்க குழுக்காரங்க கொடி புடிச்சுக்கிட்டு நின்னீங்க. போற பட்டாளத்துக்காரங்களுக்கெல்லாம் மாலை. எனக்கு நீங்கதான் போட்டீங்க. 'நம்ம ஜனத்தைக் காப்பாத்திட்டு வா தம்பி'ன்னீங்க. பஸ்ஸுல எல்லாருக்கும் லட்டு குடுத்தீங்க."

எனக்கு நினைவில்லை. அன்று எத்தனையோ பேருக்குப் போட்டோம். அப்போது நிலைமை வேறு. நம் படை போகிறது, இனிமேல் அங்கே ஒரு தமிழனுக்கும் ஆபத்தில்லை என்று நாடே நம்பிய நேரம் அது. பின்னால் மாறிவிட்டது. அதை நான் சொன்னேன்.

"எங்களுக்கும்தான் மாறிச்சு. மொத மாசம் எங்க மேல பூப் போட்டாங்க. அப்புறம் அதே தெருவுல எங்களைச் சுட்டாங்க, நாங்களும் சுட்டோம். உத்தரவை எங்களைக் கேட்டுக்கிட்டா மாத்தினாங்க? இப்பப் பாத்தா எங்களை யாருமே அனுப்பலேங்கற மாதிரி பேசுறாங்க. நாங்களா கப்பல் ஏறிப் போனாப்புல."

 அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மிஷினின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, என்னைப் பார்க்காமல் பேசினார். அவர் செய்தி அனுப்புகிற சிக்னல்ஸ் பிரிவாம். ஒரு வடநாட்டுப் பட்டாலியனோடு சேர்த்துவிட்டார்களாம். தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சோதனை போடுகிற வீட்டில் எல்லாம் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம்.

"அழுவுறது, கெஞ்சுறது, மண்ணை வாரித் தூத்துறது எல்லாம் எனக்கு ஒருத்தனுக்குத்தான் புரியும். மத்தவங்களுக்கு அது வெறும் சத்தம். ஒரு வீட்டுல வாத்தியார் ஒருத்தரை வண்டியில ஏத்திக்கிட்டாங்க. விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்னு அவரு சம்சாரத்துக்கிட்டச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். தமிழ்ல கேட்டதும் அந்தம்மா நம்பிட்டாங்க. என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'நீங்க சொன்னால் சரி தம்பி'ன்னாங்க."

வாத்தியார் திரும்பி வந்தாரா என்று கேட்டேன்.

"தெரியாது. மறுநாளே எங்களை வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

அவ்வளவுதான். மில் வேலையைப் பற்றி மறுபடி பேசவில்லை. படியேறும்போது அந்தக் காலை இழுக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

இதை ஏன் என்னிடம் வந்து சொல்லவேண்டும்? என் மனசைக் கரைக்கவா? இல்லை, நான் பதிலுக்கு என்ன சொல்கிறேன் என்று பிடித்துக்கொண்டு போகவா? நல்லவேளை, நான் அதிகம் வாய் திறக்கவில்லை.

மாலை போட்டதை மங்கையிடம் கேட்டேன். "நீங்க ஊருக்கே போட்டீங்க. லட்டு நான்தான் புடிச்சேன்" என்றாள்.

17.10.1990

தீபாவளி. பகல் முழுக்கத் தெருவில் வெடி. மாடி ஜன்னல்களை எல்லாம் சாத்திவைத்திருந்தார்கள். மங்கை அதிரசம் எடுத்துக்கொண்டு போனவள் வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். அவர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாராம், பூங்கோதை பக்கத்திலேயே உட்கார்ந்து பாடப்புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாளாம். தீபாவளியன்று என்ன படிப்பு என்றேன். வெடிச்சத்தம் அவர் காதில் விழாமல் இருக்கத்தான் என்றாள்.

யுத்தத்துக்குப் போனவருக்கு ஓலைப் பட்டாசு ஆகவில்லையாம். நம்பும்படியாகவா இருக்கிறது.

1.2.1991

மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். போராளிகளுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. அச்சக வாசலில் இருக்கிற குழு போர்டைக் கொஞ்ச நாளைக்கு உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி வக்கீல் சொல்லி அனுப்பினார். நேரில் வரவில்லை. மழையில் வர்ணம் போய்விட்டது, புதிதாக எழுதவேண்டும் என்று சொல்லிக் கழற்றினேன். மழை பெய்து நாளாகிவிட்டது.

மாடிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

22.5.1991

நேற்று இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு. கடைகள் அடைப்பு. பஸ் இல்லை. ரேடியோவில் சோக இசை.

24.5.1991

தெருவில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. டிரில் மாஸ்டர் என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். கூட்டங்களில் என்னை முந்திக்கொண்டு கத்தியவர் அவர்.

வக்கீல் வீட்டுக்குப் போனேன். கும்பகோணத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம், எப்போது வருவார் என்று தெரியாதாம். உள்ளே அவருடைய இருமல் கேட்டது.

27.5.1991

பழைய போஸ்டர்கள், நோட்டீசுகள், கூட்ட அழைப்பிதழ்கள் எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். கட்டை எழுத்துகளை என்ன செய்வது. எழுத்தைப் பார்த்து என்ன அடித்தோம் என்று கண்டுபிடிக்க முடியுமோ?

புகை மாடிக்குப் போயிருக்கும். அவர் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வருஷமாக இந்தக் கொல்லை வழியாகத்தான் போய்வருகிறார். மாடியிலிருந்து ஒரு சொல் போதும். அவர் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பேன்.

இந்த நோட்டையும் எரிக்கவேண்டும் என்று தோன்றியது. இதில் ஒளிக்கும்படி ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

30.5.1991

சலூன்காரர் மாடிக்காரரைத் தேடி வீட்டுக்கே வந்தார். முடிவெட்ட வரலாமே ஐயா என்றார். தெருவே அவருக்கு வணக்கம் சொல்கிறது. அன்றைக்கே இவர்கள் எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள், நாம்தான் புரிந்துகொள்ளவில்லை என்று தர்மலிங்கம் மில்லில் சொன்னாராம். பூங்கோதையோடு இரண்டு பெண்கள் வீடுவரை நடந்து வந்தார்கள்.

அவர் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. மறைக்கிறார் போலிருக்கிறது.

9.6.1991

எழுத இன்றைக்குத்தான் முடிந்தது.

புதன்கிழமை காலை ஒரு ஜீப்பில் வெளியூர் போலீஸார் வந்தார்கள். அச்சகத்தைக் கவிழ்த்துப் போட்டார்கள். எழுத்துப் பெட்டிகள் தரையில் கொட்டிவிட்டன. என்னை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டார்கள். இடையில் கேள்விகள். யார் வந்தார்கள், எங்கே தங்கினார்கள், படகு யாருடையது. எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை அவர்கள் நம்பவில்லை. போஸ்டர் வாசகத்தை ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டி, இது யார் எழுதியது என்று கேட்டார். குழு எழுதியது என்றேன். குழுவில் யார் என்றார். பலபேர் என்றேன். எல்லோரும் தங்களுக்கும் குழுவுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வக்கீலும்.

அடிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தே வைத்திருந்தார்கள். தூங்கவிடவில்லை.

விட்டபோது வாசல் வேப்பமரத்தடி பெஞ்சில் மாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒன்றும் கேட்காமல், ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம். 

மீதி மங்கை சொன்னது. ஜீப் கிளம்பும்போது அவள் ஓடிப்போய் மறித்தாளாம். விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்மா, பயப்படாதீங்க என்றார்களாம். படியில் நின்று இதைக் கேட்டவர் மேலே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். எங்கே கொண்டுபோகிறீர்கள், எந்த ஸ்டேஷன், பொறுப்பு அதிகாரி யார் என்று ஜீப்பிலிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே போய்விட்டாராம். போவதற்கு முன் மங்கையிடம் ஒன்று சொன்னாராம்: "அவங்க சொன்னதை நம்பி நீங்க உள்ளே போய் உக்காந்துடாதீங்க அக்கா. நான் அவரைக் கண்ணால பாத்துக்கிட்டே இருப்பேன்."

மங்கையும் மறுநாள் போயிருக்கிறாள். அதிகாரி மாடிக்காரரை உள்ளே கூப்பிட்டு, நீங்கள் பட்டாளத்தில் இருந்தவர், நாட்டுக்காகக் காயம்பட்டவர், இந்த ஆளுக்காக ஏன் இங்கே கிடக்கிறீர்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றாராம். மங்கை கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள்.

"ஒரு வருஷத்துக்கு மேல இவரு வீட்டுல இருக்கேன் சார். போஸ்டர் அடிச்சாரு, மேடையில பேசினாரு. என்னையும் பேசினாரு. வேற எதுவும் இவருக்குச் செய்யத் தெரியாது. கத்தினவங்களை எல்லாம் புடிக்கணும்னா எண்பத்தேழுல எங்களுக்கு மாலை போட்டு அனுப்பினவங்களையும் சேத்துப் புடிங்க. அதுலயும் இவரு இருந்தாரு. நீங்களும் எங்கயாவது கை தட்டியிருப்பீங்க" என்றாராம்.

அதிகாரி வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாராம்.

இதை மங்கை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் செய்யத் தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

அவர் ஏன் வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. போலீஸில் முன்பே பழக்கம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓர் அதிகாரியிடம் அப்படிப் பேச முடியுமா.

10.6.1991

கொட்டிப்போன எழுத்துகளைப் பொறுக்கினோம். மங்கையும் அமிர்தவல்லியும் முறத்தில் போட்டுப் புடைத்து மண்ணை நீக்கிக் கொடுத்தார்கள்.

13.7.1991

வக்கீல் கும்பகோணத்திலிருந்து திரும்பிவிட்டார். புதிதாக தேச ஒற்றுமைக் குழு என்று ஆரம்பித்திருக்கிறார். தலைவர் அவர்; தர்மலிங்கம் பொருளாளர்; டிரில் மாஸ்டரும் இருக்கிறார். சுதந்திர தினத்தன்று கடைத்தெருவில் கூட்டம் போட்டு அமைதிப்படை வீரர் ஹவில்தார் கலியபெருமாளுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். போஸ்டர் என்னிடமே அடிக்கவேண்டும் என்றார். உனக்கும் நல்லது, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றார். வாசகம் அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். "நன்றி மறவாத் தமிழ் மண்ணின் மாவீரரே வருக!"

அடித்தேன். கொல்லையில் காயப்போட்டேன். மாடிக்காரர் வந்தார். இந்தத் தடவை படிக்கவில்லை. நேராகத் தாளில் இடித்துக்கொண்டே நடந்து போனார். நான்கைந்து தாள் வீண்.

15.7.1991

வக்கீலும் தர்மலிங்கமும் மாடிக்குப் போய்ப் பேசினார்கள். நான் கீழேயே இருந்தேன். சிறிது நேரத்தில் இறங்கி வந்துவிட்டார்கள். வரமாட்டேன் என்கிறாராம். வக்கீலுக்குக் கோபம். ஊரே சேர்ந்து மரியாதை செய்யும்போது வேண்டாம் என்கிற ஆள் மனசில் என்ன இருக்கும் என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பிற்பாடு நான் மட்டும் போனேன். ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் பூங்கோதையின் செருப்புக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தார். "ஒரு தடவை மாலை போட்டுத்தான் அனுப்பினீங்க" என்றார்.

இப்போது அனுப்புவதற்கு எந்த யுத்தமும் இல்லையே என்றேன்.

"இருந்தா போடுவீங்க" என்றார். கோபமாக இல்லை.

31.7.1991

மாடி காலி. காலையில் ஒரு சின்ன லாரியில் சாமானை ஏற்றினார்கள். வெளியூரில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை கிடைத்திருக்கிறதாம். நான் பேப்பர் எடுக்கத் தஞ்சாவூர் போயிருந்தேன். சாயங்காலம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவியை மங்கையிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இருந்து சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

மேலே போய்ப் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி துடைத்து வைத்திருக்கிறார்கள்.

16.8.1991

நேற்றுக் கூட்டம் நல்லபடியாக நடந்தது. பாராட்டப்படவேண்டியவர் இல்லாததால் வக்கீல் கொஞ்சம் கலங்கியிருந்தார். ஆவடியில் பட்டாளக் கிடங்கில் கணக்கெழுதி ரிட்டயரான ஒருவரைத் தேடிப் பிடித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கடல் தாண்டிப் போனவரில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கடைசி நேரத்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஹவில்தாருக்கு வீடு கொடுத்தவர் என்று வக்கீல் என்னை அறிமுகப்படுத்தினார். கை தட்டினார்கள். ஊரே ஒதுக்கியபோது ஒரு வீரனுக்கு என் கூரையின் கீழ் இடம் கொடுத்தேன் என்று ஆரம்பித்தேன். ஒதுக்கியவர்கள் யார் யார் என்று விவரம் சொல்லவில்லை. அவர் அங்கே பட்ட கஷ்டங்களை நான் அறிவேன் என்றேன். ஒரு நாள் அச்சகத்தில் நின்று அவர் சொன்னதைச் சொல்லலாம் என்று வந்தது. வாத்தியார் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. முன்வரிசையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று அதை விட்டுவிட்டு, வாழ்க பாரதம் என்று முடித்துவிட்டேன்.

நன்றாகப் பேசியதாக எல்லோரும் சொன்னார்கள். மங்கை வரவில்லை. முட்டிவலி என்றாள். சாயங்காலம் அவள் மாடி ஏறிப் போய் விளக்கேற்றிவிட்டு வந்ததைப் பார்த்தேன்.

19.8.1991

தர்மலிங்கம் வந்தார். ஹவில்தாருக்கு மில்லிலேயே நல்ல வேலை தருகிறாராம், இப்போது இருக்கிறதைவிட வசதியாக. விலாசம் கேட்டார். வாங்கித் தருகிறேன் என்றேன்.

மங்கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர்கள் விலாசம் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். கொடு என்றேன். எதற்கு என்றாள். மில் வேலையைச் சொன்னேன். பாவம், தெரியாத ஊரில் கஷ்டப்படுகிறார்கள், சொந்த ஊர்ப் பக்கம் வந்துவிடலாமே என்றேன்.

"அவங்க நல்லா இருக்காங்க" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும், கடிதம் வந்ததா என்றேன்.  விலாசத்தைக் கொடு, நானே எழுதுகிறேன், நல்லதுக்குத்தானே கேட்கிறேன் என்று மறுபடி சொன்னேன். அவள் கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"உங்ககிட்ட மட்டும் குடுக்கமாட்டேன்னு அமிர்தவல்லிக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்" என்றாள்.

கொடுக்கவேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்களா என்றேன்.

"இல்லை. நானாத்தான் சொன்னேன்."